புதுப் பிலிமும் எங்கட முகங்களும்

(சங்கத்தின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேர்லினுக்குப் போய் ஒரு புதுக் கறுப்பு வெள்ளைப் பிலிமைப் போட்டுப் படம் எடுத்துப் பார்த்த கதையைச் சொல்லும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். இந்தக் காலத்தில் கைத்தொலைபேசியை நீட்டினால் ஒரு நிமிடத்தில் நூறு படம் எடுக்கலாம். பிறகு என்னத்துக்கு இந்தப் பிலிம், என்னத்துக்கு இந்தக் கறுப்பு வெள்ளை என்று இங்கே இருக்கிற இளம் பிள்ளைகள் நினைக்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்கு மறுமொழி சொல்லாமல் நான் இறங்க மாட்டேன். ஆனால் முதலில் பிலிமைப் பற்றிச் சொல்ல வேணும்.

பிலிமின் பெயர் கென்ற்மியர் பான் 200. 2025ஆம் ஆண்டு வைகாசியில் கடைக்கு வந்தது. செய்கிறவர்கள் இங்கிலாந்தின் செசயர் மாவட்டத்தில் மொபர்லி என்ற ஊரில் இருக்கிற ஹார்மன் நிறுவனத்தார். இல்போர்ட் பிலிம்களைச் செய்கிறவர்களும் இவர்கள்தான். இல்போர்ட் என்றதும் உங்களில் பலருக்குக் கிழக்கு லண்டனில் இருக்கிற சேலைக் கடையும் நகைக் கடையும்தான் ஞாபகம் வரும். அதே இல்போர்ட்தான். 1879இல் அல்பிரட் ஹார்மன் என்பவர் அந்த ஊரில் தன் வீட்டு நிலவறையில் படம் பிடிக்கும் கண்ணாடித் தகடு செய்யத் தொடங்கினார். ஊரின் பெயரே கொம்பனியின் பெயரானது. 2004இல் அந்தக் கொம்பனி கடனில் விழுந்தபோது, அங்கே வேலை செய்த மேலாளர்கள் சிலர் சேர்ந்து கறுப்பு வெள்ளைப் பகுதியை வாங்கி 2005இல் மீண்டும் நடத்தத் தொடங்கினார்கள். முதலாவது முதலாளியின் பெயரையே புதுக் கொம்பனிக்கு வைத்தார்கள். கென்ற்மியர் என்பது அவர்கள் 2007இல் வாங்கிய இன்னொரு பழைய கொம்பனியின் பெயர். அந்தப் பெயரில் 100, 400 என்று இரண்டு மலிவான பிலிம்கள் முன்பே இருந்தன. இடையில் வந்ததுதான் இந்த 200.

முன்பு ஏ.எஸ்.ஏ. என்று சொன்னோமே, இப்போது ஐ.எஸ்.ஓ. என்கிறார்கள், அந்தக் கணக்கில் 200 என்பது 100ஐ விட இரட்டிப்பு வேகம், 400ஐ விடப் பாதி வேகம். வெயிலுக்கு 100 நல்லது. மண்டபத்துக்கும் மாரிகாலத்துக்கும் 400 வேணும். ஒரே நாளில் வெளியிலும் உள்ளுக்கும் திரிகிற பிரயாணிக்கு இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருந்தால் வசதி. அதனால்தான் பிரயாணத்துக்கு இதை எடுத்தேன்.

புதுப் பிலிமைத் தெரியாத ஊரில் ஏன் பரீட்சித்துப் பார்க்க வேணும்? வீட்டு முற்றத்தில் எடுத்துப் பார்க்கலாம்தானே என்று கேட்பீர்கள். முற்றத்தில் ஒரே வெளிச்சம், ஒரே சுவர். ஒரு நகரத்தில் இரண்டு நாள் திரிந்தால் வெயில், நிழல், சுரங்கப்பாதை, தெருவிளக்கு, கண்ணாடி, கோயில், மனிசர் எல்லாம் கிடைக்கும். அதிலும் பேர்லின், பிலிமுக்குச் சொந்த ஊர் போல. அக்பா என்ற கொம்பனி தொடங்கியது அங்கேதான். பேர்லினுக்குத் தென்மேற்கே வொல்பன் என்ற இடத்தில் அவர்கள் கட்டிய பெரிய தொழிற்சாலை 1910 அளவில் பிலிம் செய்யத் தொடங்கியது. யுத்தத்துக்குப் பிறகு அது கிழக்கு ஜேர்மனிப் பக்கம் போய், 1964இலிருந்து ஓர்வோ என்ற பெயரில் பிலிம் விற்றது. இந்தியாவில் கலியாண வீட்டுப் படப்பிடிப்பாளர்கள் எத்தனையோ பேர் ஓர்வோ பிலிம் போட்டவர்கள்தான்.

2025 ஐப்பசியில் மூன்று ரோலோடு ரெயினில் போனேன். ரெயினில் போனது பிலிமுக்கும் நல்லது. விமான நிலையங்களில் இப்போது கைப்பையைச் சோதிக்க வைக்கிற புதிய சி.ரி. இயந்திரங்கள் கழுவாத பிலிமைப் புகார் அடித்ததுபோல் ஆக்கிவிடும். விமானத்தில் போகிறவர்கள் பிலிமைத் தனிப் பையில் போட்டு, கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கோ. பெரிய பெட்டிக்குள் போட்டு ஒருபோதும் அனுப்பாதேங்கோ.

முதல் ரோலை முழுக்கப் பரீட்சைக்கென்று ஒதுக்கினேன். முறை சுகமானது. ஒரே காட்சியை மூன்று தரம் எடுக்கிறது. ஒன்று பிலிமை 100 என்று நினைத்து, ஒன்று 200 என்று, ஒன்று 400 என்று. 36 படத்தில் 12 காட்சி. ஒவ்வொன்றுக்கும் சிறு கொப்பியில் ஒரு வரி: எந்த இடம், என்ன வெளிச்சம், அப்பேச்சர் எவ்வளவு, சட்டர் எவ்வளவு. கொப்பி இல்லாமல் பரீட்சை இல்லை. வீட்டுக்கு வந்து நெகற்றிவைப் பார்க்கும்போது எது எதற்கு என்று ஒருவருக்கும் ஞாபகம் இராது.

முதலில் போன இடம் பிறீட்றிக்ஸ்ராச ரெயில் நிலையம். இந்தப் பெயரைக் கேட்டதும் இங்கே முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் தலையாட்டுகிறதை நான் காண்கிறேன். பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 1980களின் தொடக்கத்தில் எங்கட ஆக்கள் பலர் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். அங்கே இடைவழி விசா கிடைக்கும். பிறகு ரெயின் ஏறிப் பிறீட்றிக்ஸ்ராச. நிலையம் இருந்தது கிழக்கில். ஆனால் மேற்கு பேர்லின் ரெயின்களும் அதற்குள் வந்து போகும். கிழக்கின் சோதனையைத் தாண்டி அடுத்த மேடைக்குப் போய் ரெயின் ஏறினால் மேற்கு. மேற்குப் பக்கம் அதை ஒரு எல்லை என்று ஏற்காதபடியால் அங்கே சோதனை இல்லை. அந்த வாசல் 1980களின் நடுப்பகுதியில் கொஞ்சம் கொஞ்சமாக அடைபட்டது. 1986 ஐப்பசி முதலாம் திகதியிலிருந்து, போய்ச்சேரும் நாட்டு விசா இல்லாதவர்களை கிழக்கு ஜேர்மனி இடைவழியாக விடவில்லை. நிலையத்துக்குப் பக்கத்தில் 1962இல் கட்டிய ஒரு கண்ணாடி மண்டபம் இருக்கிறது. மேற்குக்குப் போகிறவர்களைச் சோதித்து அனுப்பிய இடம். அழுதுகொண்டு பிரிந்தபடியால் சனம் அதற்குக் கண்ணீர் மாளிகை என்று பெயர் வைத்தது. 2011இலிருந்து அது நூதனசாலை. உள்ளே போக ரிக்கற் தேவையில்லை.

என்னோடு அன்றைக்கு வந்தவர் 1984இல் அந்த வழியால் வந்த ஒரு அண்ணை. பேர்லினிலேயே இருந்துவிட்டார். எனக்குத் தூரத்துச் சொந்தம். மேடையில் ஓரிடத்தில் நின்று, "தம்பி, இந்த இடம்தான். இதில நிண்டு எந்தப் பக்கம் போறதெண்டு தெரியாமல் ஒரு மணித்தியாலம் நிண்டனான்" என்றார். "அந்த நேரத்துப் படம் ஏதும் இருக்கோ அண்ணை?" என்று கேட்டேன். "படமோ? சப்பாத்துக்குள்ள வைச்ச அட்ரஸ் துண்டைத் தவிர என்னட்ட ஒண்டும் இல்லை" என்று சிரித்தார். அவரை அதே இடத்தில் நிற்க வைத்து எடுத்த மூன்று படமும்தான் என் பரீட்சையின் முதல் மூன்று படம்.

இப்போது விசயத்துக்கு வாறேன். பின்னால் கண்ணாடிக் கூரை, வெள்ளையாய் வானம். முன்னால் எங்கட நிறத்தில் ஒரு முகம். கமராவுக்குள் இருக்கிற லைற் மீற்றருக்கு முகம் எது, வானம் எது என்று தெரியாது. தான் காண்கிற எல்லாவற்றையும் கூட்டிக் கலந்து, நடுச் சாம்பல் நிறத்துக்குக் கணக்குப் பார்க்கும். நூற்றுக்கு 18 பங்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் என்று அதைப் படப் புத்தகங்களில் சொல்வார்கள். வெள்ளைக்காரரின் முகம் அந்தச் சாம்பலை விட ஏறக்குறைய ஒரு படி வெளிச்சம் கூட. ஒரு படி என்றால் இரட்டிப்பு. எங்களில் பலரின் முகம் அந்தச் சாம்பலுக்குச் சமன், அல்லது அதை விட ஒரு படி குறைவு. ஆகவே பின்னால் பனியோ, வானமோ, வெள்ளைச் சுவரோ இருந்தால் மீற்றர் அதைப் பார்த்து "வெளிச்சம் காணும்" என்று முடிவெடுத்துவிடும். முகம் இருட்டுக்குள் போய்விடும். ஊரிலிருந்து வந்த புதிதில் பனியில் நின்று எடுத்து அம்மா அப்பாவுக்கு அனுப்பிய படங்களை எடுத்துப் பாருங்கோ. கோட்டும் பனியும் வடிவாய் இருக்கும். முகத்தில் பல்லு மட்டும்தான் தெரியும். அது உங்கட முகத்தின் குற்றமில்லை. மீற்றரின் கணக்கு.

கலர்ப் பிலிமிலும் இதே கதை இருந்தது. கொடாக் கொம்பனி தன் பிறின்ற் போடும் இயந்திரங்களின் நிறத்தைச் சரிபார்க்க, வெள்ளை நிறப் பெண் ஒருத்தியின் படம் உள்ள அட்டையைப் பல ஆண்டுகள் அனுப்பி வந்தது. சேர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அந்தப் பெண்ணின் முகம் சரியாய் வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. கறுத்த பிள்ளையும் வெள்ளைப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடப் படங்களில் கறுத்த பிள்ளையின் முகம் விளங்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். பிற்காலத்தில் பல நிற முகங்களோடு அட்டைகள் வந்தன.

கறுப்பு வெள்ளையில் இன்னொரு விசயமும் உண்டு. பிலிம் எந்த நிறத்தைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பது. பான் என்றால் எல்லா நிறத்தையும் பார்க்கிற பிலிம். அதற்கு முந்திய ஓர்த்தோ வகைப் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. 2019இல் இல்போர்ட் ஓர்த்தோ பிளஸ் என்று அப்படியான ஒன்றை ரோலாக விற்கத் தொடங்கினார்கள். கட்டடங்களுக்கு வடிவு. ஆனால் அதில் எங்கட ஆக்களை எடுத்தால் முகம் இன்னும் கறுக்கும், குங்குமப் பொட்டு கரிப்பொட்டாகும். எங்கட தோலிலிருந்து வருகிற வெளிச்சத்தில் சிவப்புத்தான் கூட. சிவப்பைப் பார்க்காத பிலிம் எங்களையும் அரைவாசிதான் பார்க்கும். ஆகவே எந்தப் புதுப் பிலிமை வாங்கினாலும் பெட்டியில் பான் என்று இருக்கிறதோ, ஓர்த்தோ என்று இருக்கிறதோ என்று பார்த்து வாங்குங்கோ.

அடுத்துப் போனது பேர்னாவர் ஸ்ராச. மதில் நின்ற தெரு. மதில் இல்லாத இடங்களில் அது ஓடிய வழியில் துருப்பிடித்த இரும்புத் தூண்களை வரிசையாய் நட்டிருக்கிறார்கள். கீழே பச்சைப் புல். கண்ணுக்கு நல்ல வேறுபாடு. பிலிமில் துருவும் புல்லும் ஒரே சாம்பல். ஒரு செம்மஞ்சள் பில்ரர் போட்டு எடுத்தபோது தூண் வெளித்து, புல் கறுத்து இரண்டும் பிரிந்து நின்றன. கலியாண வீட்டுப் படம் எடுக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேணும். கூறைச்சேலையின் சிவப்பும் அதன் பச்சைக் கரையும் கறுப்பு வெள்ளையில் ஒன்றாய்ப் போய்விடக்கூடும்.

அந்தத் தெருவில் எடுத்த ஒரு படம் உலகம் முழுக்கத் தெரிந்தது. 1961 ஆவணி 15ஆம் திகதி, மதில் வேலை தொடங்கி மூன்றாம் நாள். கொன்ராட் சூமன் என்ற 19 வயதுக் கிழக்குக் காவல்காரன் முள்ளுக்கம்பிக்கு மேலால் மேற்குக்குப் பாய்ந்தான். பீற்றர் லைபிங் என்ற இளம் படப்பிடிப்பாளர் அந்தப் பாய்ச்சலை ஒரே ஒரு படத்தில் பிடித்தார். அவருடைய கையில் இருந்தது எக்சாக்ரா கமரா. அது கிழக்கு ஜேர்மனியில் செய்தது என்பது வேடிக்கை. அதே நகரத்தில் 1945 வைகாசி 2ஆம் திகதி, பாராளுமன்றக் கட்டடத்தின் மேல் சோவியத் படையினர் கொடி ஏற்றுவதை யெவ்கெனி கால்தெய் எடுத்தார். படத்தில் ஒரு படையாளின் இரண்டு கையிலும் மணிக்கூடு தெரிந்தது. கொள்ளையடித்தது என்று சனம் நினைக்கும் என்பதால், ஒன்றை நெகற்றிவிலேயே சுரண்டி எடுத்துவிட்டுத்தான் படத்தை வெளியிட்டார்கள். சுரண்டினால் சுரண்டிய அடையாளமும் இருக்கும். கையில் பிடிக்கக்கூடிய சாட்சி என்றால் அதுதான்.

பேர்லின் தெருக்களில் 2004இலிருந்து பழைய கறுப்பு வெள்ளைப் படப் பெட்டிகளைத் திரும்பவும் வைத்திருக்கிறார்கள். காசு போட்டால் நாலு படம் ஒரு துண்டாய் வரும். இளம் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். நானும் அண்ணையும் இருந்து எடுத்தோம். முகம் நல்லாய் வந்தது. ஆனால் அந்தப் பெட்டி நேரே கடதாசியில்தான் படம் போடும். நெகற்றிவ் இல்லை. துண்டு துலைந்தால் படமும் துலைந்தது.

அதைச் சொன்னபோதுதான் அண்ணை தன் பேசைத் திறந்தார். பிளாஸ்ரிக் உறைக்குள் ஒரு சின்னப் படம். அடையாள அட்டைக்கு எடுத்த அளவு. மூலை உடைந்து, நடுவில் ஒரு மடிப்பு. "அம்மா" என்றார். "சுன்னாகத்தில ஸ்ரூடியோவில எடுத்தது. வரேக்க சட்டைக்குள்ள வைச்சுத் தைச்சுக் கொண்டு வந்தனான்." ஸ்ரூடியோவில் நெகற்றிவ் இருந்திருக்குமே என்று கேட்டேன். 1995 ஐப்பசி 30ஆம் திகதி வலிகாமம் முழுதும் எழும்பி நடந்ததை இங்கே பலர் கால் நோக அறிவீர்கள். அந்த இடப்பெயர்வுக்குப் பிறகு அந்த ஸ்ரூடியோவில் ஒரு நெகற்றிவும் மிஞ்சவில்லை. வீட்டில் இருந்த அல்பமும் இல்லை. "அம்மா 1992இல மோசம் போனவ. கல்வெட்டு அடிக்கப் படம் அனுப்பச் சொல்லி ஊரிலயிருந்து கடிதம் வந்தது. இது ஒண்டுதான் கிடந்தது. தபாலில துலைஞ்சிட்டா என்ன செய்யிறது எண்டு நான் அனுப்பேல்லை. கல்வெட்டு அம்மான்ர படம் இல்லாமல்தான் வந்தது" என்றார்.

மற்றைய நாள் அவருடைய வீட்டு யன்னலருகே இரண்டாவது ரோலை அதற்கென்று போட்டேன். படத்தைப் படம் எடுக்கிறது கஷ்டமான வேலையில்லை. செய்யக்கூடியது என்பதால் விபரமாய்ச் சொல்கிறேன். சூரிய வெளிச்சம் நேரே விழாத யன்னல் ஒன்று. படத்தைச் சுவரில் தட்டையாய் நிறுத்த வேணும். ஒரு பக்கம் யன்னல், மற்றப் பக்கம் வெளிச்சத்தைத் திருப்ப ஒரு வெள்ளை மட்டை. மினுக்கம் தெரிந்தால் படத்தைக் கொஞ்சம் திருப்புங்கோ. கமரா முக்காலியில், படத்துக்கு நேர் எதிரே, சரிவில்லாமல் நிற்க வேணும். சாதாரண 50 மில்லிமீற்றர் வில்லை அரை மீற்றருக்குக் கிட்ட வராது. அப்படி எடுத்தால் சின்னப் படம் பிலிமில் முத்திரை அளவுகூட வராது. அதனால் கிட்டப் பார்க்கிற கண்ணாடி ஒன்றை முன்னால் பூட்டினேன். மலிவான சாமான்தான். வெளிச்சத்தை அளக்கும்போது படத்தை அளக்காமல், அதே இடத்தில் ஒரு சாம்பல் அட்டையைப் பிடித்து அளந்தேன். நாலு படம் எடுத்தேன். இரண்டு அவருக்கு, இரண்டு எனக்கு. ஒரு வீட்டில் நெருப்புப் பிடித்தாலும் மற்ற வீட்டில் இருக்கட்டும்.

பின்னேரம் பிரிட்ஸ் பகுதியில் இருக்கிற மயூரபதி முருகன் கோயிலுக்குப் போனோம். அங்கே பூசை நேரத்தில் நான் கமராவை எடுக்கவில்லை. பூசை முடிந்த பிறகு, கேட்டு, சம்மதித்தவர்களை மட்டும் வாசலில் நிறுத்தி எடுத்தேன். இதைப் பிள்ளைகள் கவனிக்க வேணும். ஜேர்மனியில் ஒருவரின் படத்தை வெளியிட அவருடைய சம்மதம் தேவை என்பது 1907ஆம் ஆண்டுச் சட்டம். 1898இல் இறந்து கிடந்த பிஸ்மார்க்கை இரண்டு பேர் களவாய் உள்ளே போய்ப் படம் எடுத்ததால் வந்த அமளியின் பிறகு எழுந்தது. எங்களுக்குச் சட்டத்தை விட வேறு காரணமும் உண்டு. ஊர்வலங்களில் தன் படம் வந்துவிடுமோ, ஊரில் இருக்கிறவர்களுக்கு அதனால் ஏதும் வந்துவிடுமோ என்று முகத்தை மறைத்து நின்ற சனம் நாங்கள். ஒருவர் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காதேங்கோ.

இனிப் பரீட்சையின் பெறுபேறு. வீட்டுக்கு வந்து மூன்று ரோலையும் நானே கழுவினேன். 20 பாகை வெப்பத்தில் டெவலப்பர், பிறகு நிறுத்தும் நீர், ஹைப்போ, கடைசியில் நல்லாய்த் தண்ணீர். குளியலறை காணும். இருட்டறை தேவையில்லை, பிலிமை இருட்டுப் பைக்குள் கைவிட்டுத் தாங்கிக்குள் போட்டால் சரி.

பிலிமின் மணி கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் உறுத்தவில்லை. நிலையத்தில் இரவு எடுத்த படங்களில் விளக்கைச் சுற்றி ஒரு ஒளிவட்டம் விழுந்தது. சிலருக்கு அது பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது. வானம் பில்ரர் இல்லாமல் வெளிறித்தான் போகிறது. மஞ்சள் பில்ரர் போட்டால் முகில் தெரிகிறது. வெயிலில் 16 அப்பேச்சருக்கு 250இல் ஒரு செக்கன் என்ற பழைய கணக்கு அப்படியே சரி வந்தது. விலை, பெயர் பெற்ற கலர்ப் பிலிம்களைவிட நல்லாய்க் குறைவு.

ஆனால் எங்களுக்கு முக்கியமானது முகம். அண்ணையை எடுத்த முதல் மூன்று படத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 400 என்று எடுத்ததில் கண் இரண்டும் பள்ளம், ஒரு கன்னம் வெறும் பிலிம். கழுவும் நேரத்தைக் கூட்டினாலும் அங்கே இல்லாததைக் கொண்டுவர ஏலாது. 200 என்று எடுத்ததில் முகம் இருக்கிறது, நெற்றிச் சுருக்கம் பாதிதான். 100 என்று எடுத்ததில் எல்லாம் இருக்கிறது. காலையில் பூசிய விபூதிக் குறி, நரைத்த இமை, நாடியில் இருக்கிற தழும்பு, எல்லாம். பின்னால் வானம் நெகற்றிவில் கறுத்துக் கிடந்தாலும் பிறின்ற் போடும்போது அதைச் சமாளிக்கலாம். ஆகவே நான் சொல்லக்கூடிய ஒரே சூத்திரம் இதுதான். பெட்டியில் 200 என்று போட்டிருக்கட்டும். எங்கட ஆக்களின் முகத்தை எடுக்கேக்க கமராவுக்கு 100 என்று சொல்லுங்கோ. முகத்துக்குக் கிட்டப் போய் அளவுங்கோ. கறுப்பு வெள்ளை நெகற்றிவ் வெளிச்சம் ஒரு படி கூடினால் பொறுக்கும். குறைந்தால் பொறுக்காது.

யன்னலருகில் எடுத்த அந்த அம்மாவின் படத்தை எட்டுக்குப் பத்து அங்குலத்தில் மூன்று பிறின்ற் போட்டேன். மடிப்புக் கோடு தெரியத்தான் செய்கிறது. அதை நான் மறைக்கவில்லை. ஒன்று அண்ணைக்கு, ஒன்று அவருடைய மகளுக்கு, ஒன்று கனடாவில் இருக்கிற அவருடைய அக்காவுக்கு. ஒரு கிழமையில் அண்ணை தொலைபேசி எடுத்தார். "தம்பி, அக்கா கதைச்சவ. படத்தில அம்மான்ர காதில தோடு தெரியுதாம். இவ்வளவு நாளும் நான் அதைக் காணேல்லை, சின்னப் படத்தில அது வெறும் புள்ளி. அந்தத் தோட்டை வித்துத்தான் என்ர ஏஜென்சிக் காசில கடைசிப் பங்கு கட்டினதாம். எனக்குச் சொல்ல வேண்டாமெண்டு அம்மா சொல்லி வைச்சவவாம். 41 வருசத்துக்குப் பிறகு அக்கா இப்பதான் சொல்லுறா" என்றார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு மறுமொழி இனித்தான். தொலைபேசிப் படம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேரப்பிள்ளை சிரிக்கிறதை அம்மம்மாவுக்கு அந்த நிமிடமே அனுப்ப அதைப் போல ஒன்று இல்லை. ஆனால் தொலைபேசி மாறும், கடவுச்சொல் மறக்கும், கணக்கு மூடுப்படும். கலர்ப் பிறின்ற்களின் சாயம் காலத்தில் மங்கிச் சிவந்து போகும். உங்கட 1980ஆம் ஆண்டு அல்பங்களைத் திறந்தால் தெரியும். கறுப்பு வெள்ளை நெகற்றிவில் இருக்கிறது வெள்ளி. ஒழுங்காய் ஹைப்போவில் போட்டு, ஒழுங்காய்க் கழுவி, குளிர்மையான ஈரமில்லாத இடத்தில் வைத்தால் நூறு வருசம் தாண்டும். அதைப் பார்க்க இயந்திரமும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். யன்னலில் பிடித்தால் காணும். எங்களைப் போல வீட்டை விட்டு ஒரு பையோடு ஓடின சனத்துக்கு, பைக்குள் வைக்கக்கூடிய சாட்சி பெறுமதியானது.

ஆகவே இந்தச் சங்கத்துக்கு நான் வைக்கிற வேண்டுகோள் மூன்று. ஒன்று, வீட்டில் தனிப் பிரதியாய்க் கிடக்கிற பழைய படங்களை, அடையாள அட்டைப் படமாய் இருந்தாலும், படம் எடுத்து நெகற்றிவ் ஆக்குங்கோ. கிட்டப் பார்க்கிற கண்ணாடியும் முக்காலியும் என்னிடம் இருக்கு, இரவல் தருவேன். இரண்டு, நெகற்றிவ்களைச் சாதாரண பி.வி.சி. உறையில் போடாதேங்கோ. அது காலத்தில் ஒட்டிப் பிடிக்கும். பெர்கமின் என்று கேட்டால் கடையில் கடதாசி உறை தருவார்கள். உறையில் பென்சிலால் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதுங்கோ. பெயர் எழுதாத படம் இரண்டு தலைமுறையில் அந்நியரின் படம். மூன்று, முதியவர்களை இப்போதே எடுங்கோ. வருத்தம் வந்த பிறகு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அல்ல. 31ஆம் நாளுக்குப் படம் தேடி அடையாள அட்டையைப் பெருப்பிக்கிற நிலை இனி ஒரு வீட்டுக்கும் வரவேண்டாம்.

சித்திரை வருடப் பிறப்பு வருகிறது. மருத்துநீர் வைத்து, புது உடுப்பு உடுத்து, பெரியவர்களிடம் கைவிசேடம் வாங்கப் போவீர்கள். வீட்டில் எல்லோரும் குளித்து, நெற்றியில் விபூதியோடு, சந்தோசமாய் இருக்கிற நாள் வருசத்தில் எத்தனை? கைவிசேடத்தை வாங்கி மடியில் வைத்தபிறகு, "அப்பா, இந்த யன்னலடியில ஒருக்கா இருங்கோ" என்று சொல்லுங்கோ. கமராவுக்கு 100 என்று சொல்லுங்கோ. முகத்துக்குக் கிட்டப் போங்கோ.

எல்லோருக்கும் என் புத்தாண்டு வாழ்த்துக்கள்.